ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

மயிலாடுதுறையில்
துலாக்கட்டம் போகிற தெருவில் என் ஜெராக்ஸ் கடை.
ஆற்றில் தண்ணீர் வராத ஐப்பசிகளில்
போர் போட்டுத் தொட்டியில் நிரப்புவார்கள்.
காவிரி என்று சொல்லித்தான் முங்குவார்கள்.
சொல்லிவிட்டால் காவிரிதானே.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
பொறையாரிலிருந்து பென் டிரைவோடு வந்தாள் சாந்தசீலி.
கரையான் தின்ற ஞானஸ்நானப் பதிவேடு,
நூற்றிப் பத்துப் படங்கள்.
"மங்கலா இருக்குக்கா. கொஞ்சம் கறுப்பேத்திப் போடுங்க."

டீ வந்தது. வேண்டாம் என்றாள்.
எங்கள் பக்கத்தில்
டம்ளரை மறுப்பதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.
பழைய முள் எங்கோ நெருடியது.
காசை மேசைமேல் வைக்கச் சொன்னேன்.
கையில் வாங்கவில்லை.

மறுவாரம் அவளே சொன்னாள்:
"டீ, காபி ரெண்டும் எங்க சபையில கிடையாதுக்கா,
யாரு குடுத்தாலும். பால் இருந்தா குடிப்பேன்."
அதே டம்ளர்தான்.
நுரை ஒட்டியதைக்கூட விரலால் வழித்துக் குடித்தாள்.

"எந்தச் சபை?"
"பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை."
மூச்சு விட்டு,
"மார்மன்னு சொல்வாங்க. முழுப் பேரும் சொன்னா சந்தோஷம்."

அவள் போனதும்
ஸ்டுடியோ தேவசகாயம் எட்டிப் பார்த்தார்.
"அதுங்க கிறிஸ்தவங்களே இல்ல.
தனி வேதம். ஆளுக்கு நாலு பொண்டாட்டி."
சிரித்தேன்.
சிரித்ததோடு நிற்காமல் அடுத்த முறை கேட்டும் விட்டேன்:
"உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை?"

ஸ்டேப்ளரை இரண்டு தரம் அழுத்தினாள். பின் இல்லை.
"அதை விட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா.
இப்ப யாராச்சும் செஞ்சா சபையிலேருந்தே எடுத்துருவாங்க."
பிறகு,
"அவருக்கு நான் ஒருத்திதான். அவர் போயி மூணு வருஷம்.
இன்னும் நான்தான்."

மெஷின் சூடாகி நின்றிருந்தது.
அன்றிலிருந்து அவளைப் பற்றி
அவளிடமே கேட்கத் தொடங்கினேன்.

இந்தப் பெயர்களெல்லாம் எதற்கு?
செத்தவர்களுக்காம்.
தூர தேசத்துக் கோயிலில்
ஒருத்தர் பெயரைச் சொல்லி
இன்னொருத்தர் தண்ணீரில் முங்குவார்களாம்.
"இதோ இங்க எள்ளும் தண்ணியும் விடுறாங்களே,
ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன், பெருந்தன்மையாக.
"இல்லக்கா. வேற" என்றாள் மெதுவாக.
"நாங்க கதவைத் தொறந்து வைக்கிறோம்.
வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

என் அப்பா பெயர் பக்கிரிசாமி.
நாகூர் நேர்த்திக்கு வைத்த பெயர்,
சாகிறவரை கறுப்புச் சட்டை.
தன் பிணத்தின் பக்கத்தில்
ஒரு மந்திரமும் கூடாதென்று எழுதி,
இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்தவர்.
"அவர் பேரையும் எழுதிக்குவியா?"
என் குரலில் பிளேடு இருந்தது.

"எங்க வீட்டுப் பேரு மட்டுந்தான் எங்களுக்கு.
அடுத்தவங்க பேரைக் கேக்காம எடுத்தவங்க உண்டு.
தப்புக்கா அது."
தயங்கி,
"எடுத்தாலும் அவர் வேணாம்னு சொல்லிரலாம்."
"சொல்லுவார்" என்றேன்.
"சொல்லிட்டு நாலு கேள்வியும் கேப்பார்."
அவள்தான் முதலில் சிரித்தாள்.

அப்படி ஒரு கதவு இருப்பதாக எனக்கு நம்பிக்கையில்லை.
அது அவளுக்கும் தெரியும்.
இருந்தாலும்
கக்கத்தில் மடித்த பத்திரிகையோடு
அப்பா அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டேன்.
உள்ளேயும் போகவில்லை,
வாதத்தை விட்டு வெளியேயும் வரவில்லை.

அறுபத்தொன்றாம் பக்கம் மட்டும் தெளியவில்லை.
மூன்றாவது தரம் கறுப்பேற்றியபோது
வெள்ளையிலிருந்து மெல்ல எழுந்து வந்தது:
மரியாள். சேரித் தெரு.
தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

அவள் ஒருமுறை வாசித்தாள்.
பிழை பார்ப்பவள்போல நானும் ஒருமுறை.
"கெட்டுப்போன ரெண்டுக்குக் காசு வேணாம்."
"மூணுலயும் அவங்க இருக்காங்கக்கா" என்று
ஆறு ரூபாயை நீட்டினாள்.

கையில் வாங்கினேன்.