கோட்டுக்கு அந்தப் பக்கம்

உளுந்தம்பொடிக்கு ஒரு நம்பர் வேணுமாம்.
பதினாலு இலக்கம்.
பேட்டையில் எங்க வீட்டுக் கதவு நம்பரே
மூணு தடவை மாறி
கடைசியாகக் கரிக்கட்டியால் எழுதினது.

கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளை கேட்டாள்:
"அக்கா, அடுக்களை எத்தனை சதுர அடி?"
ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
அகலம் இவ்வளவு.
நீளம்,
கிரைண்டரும் மகனும் படுத்தால் முடிந்தது.
"அறுபதுன்னு போடுதேன்."
வருசத்துக்கு நூறு ரூபாய்,
அஞ்சு வருசத்துக்கும் சேர்த்துக் கட்டலாமாம்.
அஞ்சு வருசம் இதே வீட்டில் இருப்போமா என்று
அந்தோணிப்பிச்சை அண்ணாச்சிக்குத்தான் தெரியும்.
ஒரு வருசத்துக்குக் கட்டினேன்.

ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர
பத்து நாள் ஆட்சேபித்தார் அண்ணாச்சி.
புகை படியுமே, நெடி ஏறுமே,
மீட்டர் ஓடுமே.
பதினோராம் நாள் கையெழுத்து.
வாடகையில் இருநூறு கூட,
கால் கிலோ காணப்பொடி தனி.

விதி எட்டுப் பக்கம்.
கண்ணாடி வளையல் ஆகாது.
தலைமுடி வலைக்குள்ளே.
இருமல் வந்தால் அடுப்பை அணை.
பூனை உள்ளே வரக் கூடாது,
பூனைக்கு யார் வாசித்துக் காட்ட?
நாக்கில் வைத்த கரண்டி
திரும்பச் சட்டிக்குள் போகக் கூடாது.
அதைப் படிக்கையில்
யாரோ ஜன்னல் வழி பார்த்த மாதிரி இருந்தது.

தண்ணிக்கும் பரீட்சை உண்டு.
காய்ச்சின பாட்டிலில் குழாய்த் தண்ணி பிடித்து
ஈரத்துணி சுற்றி பஸ்ஸில் கொண்டு போனேன்.
ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது.
தாமிரபரணி பாஸ்.
குறுக்குத்துறையில் அன்றைக்குக் குளித்தவர்
ஒருவருக்கும் இது தெரியாது.

ஆறாம் பக்கம் நாலாம் வரியில்தான்
உட்கார்ந்துவிட்டேன்:
தின்பண்டம் தயாராகும் இடத்தில்
யாரும் உறங்கக் கூடாது.

அவருக்கு லாரி ஷெட்டில் ராத்திரி வேலை.
விடிந்து வந்தால் அடுக்களைத் தரைதான்,
வெயில் எட்டாத தரை அது ஒன்றுதான்.
ராத்திரி அதே பாயில் அபினேஷ்.
பாய்க்குச் சூடு ஆறுவதே கிடையாது.
இத்தனை நாளும்
அவர் தலைமாட்டில்தான் வறுத்தேன்.
மிளகாய் ஒரு சுற்று கூடிப் போனால்
உறக்கத்திலேயே தும்முவார்,
இறக்கிவிடுவேன்.
அப்படி ஒரு கருவி
எந்தக் கடையில் விற்கிறது?

அடுக்களை வாசலில்
சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன்.
பாய் முன்னறைக்குப் போனது,
பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில்.
மேற்கு ஜன்னலில் நனைத்த சாக்கு.
முதல் வாரம் ரெண்டு ஈடு மிளகாய் கருகியது.

ஆபீசர் ஒரு சின்னப் பெண்.
தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்தாள்.
டப்பா மூடியை மோந்தாள்.
"இந்தக் கோடு எதுக்கு?"
"அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் கம்பெனி."
அந்த நேரம் பார்த்து
உறக்கத்தில் கால் நீட்டினார் அவர்.
குதிகால் வீட்டில்,
ஐந்து விரலும் கம்பெனியில்.
அவள் காலைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு
தாண்டிப் போய்
கையெழுத்துப் போட்டாள்.

லேபிளில் எடை கூடினது முதலில் வரணும்.
உளுந்து, மிளகாய், எள், உப்பு.
பெருங்காயம் கடைசி.
வாசம் பூரா அதுதான், இருந்தாலும் கடைசி.
சர்க்காரில் எடைக்குத்தான் மரியாதை.
அதற்கும் கீழே
பொடி எழுத்தில்
தயாரிப்பு: செண்பகவடிவு.

ரெண்டு மாசம் என்று தேதி போட்டிருந்தேன்.
விற்காமல் நின்றது ஒன்பது பாக்கெட்,
வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.
சனிக்கிழமை பிரித்தேன்,
அதே வாசம்.
ஒன்பதையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.
தேதி தாண்டினதை விற்கக் கூடாது.
தின்னக் கூடாது என்று எங்கேயாவது இருக்கா,
எட்டுப் பக்கமும் தேடிவிட்டேன்.

நல்லெண்ணெய்யில் குழைத்து
இட்லிக்குத் தொட்டுக்கொண்டே
அபினேஷ் கேட்டான்:
"இன்னும் எத்தனை பாக்கெட்டும்மா இருக்கு?"