இருபத்தெட்டாம் நாள்

துவாஸில், பேருந்து திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி
எங்கள் சோதனைக்கூடம்.
பிறர் கட்டுவதை
முன்கூட்டியே நொறுக்கிப் பார்ப்பது என் வேலை.

பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரங்கள்.
வார்த்த தேதி, கலவை எண் நீல மையில்.
ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று.
தொட்டியிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து,
இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்து
கம்பிக்கதவைச் சாத்துவேன்.

இந்தக் கலவையில் ஆற்றுமணல் இல்லை,
கப்பலில் வந்த மணலும் இல்லை.
ஊர்க் குப்பையை எரித்த சாம்பல்.
இரும்பைப் பொறுக்கிவிட்டு, கழுவி, சலித்து,
சில மாதம் வெளியில் கிடந்து கோபம் தணிந்தது.

கட்டடக் கலைஞர் தியோ ஹுய் ஷான்
இரவல் காலணியில் நின்று விளக்குகிறார்:
பொங்கோலில் ஒரு நூலகம்.
பசையிட்டு அடுக்கிய மரத் தூண்கள்,
கண்ணாடிக்குப் பதில்
காற்றடைத்த மெல்லிய தாள் கூரை,
மழை பெய்தால் அப்பளம் பொரிவதுபோல் கேட்குமாம்.
தரை மட்டும் சாம்பலில்.
எடையில்லாத எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு
எடையைக் கேட்க என்னிடம் வந்திருக்கிறார்.

நான் அவரிடம் சொல்லாதது:
போன ஆண்டு ஈசூன் வீவக வீட்டை
அவனும் நானும் விற்றுப் பிரித்துக்கொண்டோம்.
பிரிக்க முடியாதவை புளோக்கின் கீழே போயின.
கட்டில். முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த அலமாரி.
யாரும் திறக்காத பீங்கான் செட்.
காலையில் லாரி வந்து அள்ளியது.
எங்கே போகும் என்று அன்று யோசிக்கவில்லை.

கணக்கு எனக்குத் தெரியும்.
மரம் புகையாகியிருக்கும்.
கண்ணாடியும் பீங்கானும் மிஞ்சும்,
ஆயிரமாயிரம் டன்னில் ஒரு கைப்பிடி.
இந்தக் கட்டிக்குள் இருக்க வாய்ப்பே இல்லை.
இருந்தாலும், துடைக்கும்போது
இன்று கொஞ்சம் மெதுவாகத்தான் துடைத்தேன்.

முந்நூறு கிலோநியூட்டன். ஐந்நூறு.
மஹ்ஃபூஸ் திரையைப் பார்க்கிறான்,
நான் கட்டியைப் பார்க்கிறேன்.
எண்ணூறில் ஒரு மூலை பொருக்குவிட்டது.
ஹுய் ஷான் எதையோ முணுமுணுத்தார்.
தொள்ளாயிரத்து முப்பதில்
சத்தம்.
வெடி என்று சொல்லமுடியாது,
பக்கத்து வீட்டில் கதவை அறைந்ததுபோல்.

நான்கு பக்கமும் சமமாக உதிர்ந்து
நடுவில் உடுக்கை நின்றது.
இடை சிறுத்து, தலையும் காலும் அகன்று.
அப்படித்தான் உடையவேண்டும்.
ஒரே பக்கமாகப் பிளந்தால்தான் சந்தேகம்:
யாரோ சரியாகக் கலக்கவில்லை,
அல்லது ஒரு பக்கம் மட்டுமே பாரம் தாங்கியிருக்கிறது.

"பாஸா?"
"நாற்பத்தொன்று புள்ளி மூன்று. தாராளமாக."
உடுக்கையை மேசையில் வைத்துக்கொள்ளக் கேட்டார்.
விதியில் இடமில்லை. பையில் போட்டுக் கொடுத்தேன்.
கொடுக்குமுன் உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
எள்ளளவு வெள்ளை.
பீங்கானாக இருக்கலாம். யாருடையதாகவும் இருக்கலாம்.

படிவத்தில் கடைசிக் கட்டம் என்னுடையது.
உடைந்த விதம் என்று கேட்டிருக்கும்.
பதினோரு வருடமாக எழுதும் அதே சொல்லை
பேனா எடுத்து
எழுதினேன்:
திருப்தி.