கடைசி விளக்கு

லோக்கூரில் பாசஞ்சர் ஒரு நிமிடம்தான் நிற்கும்.
பையை முதலில் எறிந்தேன், பிறகு என்னை.
சல்லிக்கல் முழங்காலைப் பதம் பார்த்தது.
இறங்கியது நான், ஜெரினா,
ஒரு கூடைக் கோழி, கோழிக்கு உரியவர்.

காட்டெருமைக் கணக்கெடுப்பு.
இருவருக்கு ஓர் இரவு, ஒரு படிவம்.
சடையப்பன் முன்னால் உண்ணிச்செடியை வெட்டிக்கொண்டே போனார்.
மூன்று மணி நேர ஏற்றத்தில் ஒரே ஒரு தடவை பேசினார்:
"மாடு வந்தா லைட் அடிக்காதீங்க.
வராட்டியும் அடிக்காதீங்க."

கொட்டகைக்குப் பூட்டு இல்லை, வளைத்த ஆணிதான்.
உள்ளே யாரோ விட்டுப்போன பாதி மெழுகுவத்தி,
நான்கு தீக்குச்சி.
சுவரில் கரியால்:
உப்பு இருக்கு. எலியும் இருக்கு.

தட்டுவடை செட்டைப் பிரித்தோம்.
செவ்வாய்ப்பேட்டையில் மொறுமொறுவென்று இருந்தது
மலையேறியதில் நமத்துப்போயிருந்தது.
ஆறையும் தின்றோம்.

இருட்டியதும் மலை இன்னும் கொஞ்சம்
நெருங்கி உட்கார்ந்தது.
காளை, பசு, கன்று, நேரம்,
நேரில் கண்டதா, தடயமா.
எல்லாக் கட்டமும் காலி.
ஜெரினா ஒன்றில் கொசு என்று எழுதி, அடித்தாள்.

பதினொன்றேகால்.
கீழே கூட்ஸ் ஒன்று ஏறத் தொடங்கியது.
எஞ்சின் பல்லைக் கடிப்பது
எங்கள் தகரக்கூரையில் அதிர்ந்தது.
"இதுல இருப்பாரா?" என்றாள்.

எந்த வண்டி, எந்த இரவு என்று
கேட்பதை நிறுத்தி ஏழு மாதம்.
அப்போது கார்டு. இப்போது டிரெயின் மேனேஜராம்.
பேர் மாறினாலும் ஆள் கடைசிப் பெட்டியில்தான்,
பேச்சுத்துணை இல்லாமல்.
சூரமங்கலம் குவார்ட்டர்ஸில்
விடிகாலை அவர் சாவி திரும்பும்போது
நான் தூங்குவதாக நடிப்பேன்.
நடிப்பு என்று அவருக்குத் தெரியும்.
மெதுவாகத்தான் செருப்பைக் கழற்றுவார்.

மரங்களுக்கு நடுவே
கறுப்புக்குள் கறுப்பாக நகர்ந்த வேகன்களை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்றாகவும் இருக்கலாம்.
அப்புறம் ஒரு சிவப்பு,
விரல்நுனி அளவு,
அணைந்து எரிந்து அணைந்து.
டார்ச் கையில்தான் இருந்தது.
வளைவு அதை விழுங்கும்வரை
பொத்தானில் பெருவிரலை வைத்தபடியே நின்றேன்.

மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு.
ஒரு அறையே மூச்சு விட்டது போல.
ஜெரினாவின் கை என் கையைத் தேடித் தவறி
படிவத்தைக் கசக்கிப் பிடித்தது.
பிறகு எதுவோ சுவரை நக்கியது,
சொரசொரவென்று, அவசரமே இல்லாமல்.

விடிந்ததும் பார்த்தோம்,
என் தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் ஈரம்.
ஈரத்துக்கு எந்தக் கட்டம்?
சடையப்பன் வந்து தொட்டு, முகர்ந்து,
"ஒண்ணு" என்றார்.
எழுதிக்கொண்டேன்.

அடியில் குறிப்பு என்று இரண்டு வரி இடம் இருந்தது.
11.15. சிவப்பு விளக்கு. ஒன்று. நேரில் கண்டது.
ஜெரினா படித்தாள். அடிக்கவில்லை.

மிச்சமிருந்த இரண்டு தீக்குச்சியை
எலி எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு
இறங்கினோம்.
ஒன்பது நாற்பதுக்கு வண்டி.
முழங்கால் இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.