வாயுவுக்கு நான்கு ஓட்டு

மனிதனுக்கு அறிவு குறைந்துகொண்டே வருகிறதாம்.
சன்னாசி வாசித்தான்,
கைபேசியை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி,
டத்தோ கிராமாட் சாலை மாமாக் கடையில்
இரவு பதினொன்றேகாலுக்கு.
"யாருக்கு?" என்றான் அப்பளசாமி.
"எல்லாருக்கும்தான்" என்றுவிட்டு
விரலால் மேலே தள்ளினான்.
யாரோ ஒருத்தி டுரியான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.
இதே மேசை. இதே என்றால் இதே இல்லை,
அப்போது பளிங்கு, இப்போது பிளாஸ்டிக்.
பட்டர்வொர்த் பெரிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று
பதினொரு நாள் சண்டை போட்டோம் இங்கே.
சிகரெட் அட்டையில் படம் போட்டான் அப்பளசாமி.
துறைமுகத்தில் வேலை பார்ப்பதால்
தனக்கு இரண்டு ஓட்டு கேட்டான் சன்னாசி.
கடைசியில் நால்வரும் காசு கொடுத்து ஏறி,
போய், வந்து, மறுபடி போய்,
அதற்கு இரண்டுமே கிடையாது என்று கண்டுபிடித்து
அக்கரையில் மழையில் நின்று சிரித்தோம்.
இன்று அதற்கு ஆறு விநாடி.
ஆறு விநாடியில் எவனும் நனைவதில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால்
கவிதை எங்கள் பக்கம் நின்றிருக்கும்.
நால்வர் என்றேன் அல்லவா.

தொண்ணூற்று நான்கு, செப்டம்பர்.
தேவசகாயத்துக்கு இடது கை கடுத்தது.
நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை
மெதுவாக இறக்கி வைக்கிற மாதிரி இருக்கு என்றான்.
உடனே கூடியது சபை.
மூட்டை தூக்குகிறவனுக்குக் கை கடுக்காமல் என்ன செய்யும்
என்றான் சன்னாசி.
நேற்று பெத்தாய் சம்பல் இரண்டு தட்டு என்று
சாட்சி சொன்னேன் நான்.
தண்ணீர் மீட்டர் படிக்கும் கையால்
நாடி பிடித்தான் அப்பளசாமி.
எவ்வளவு நன்றாகப் பேசினோம் அன்றைக்கு!
எதிர்க்கேள்வி, உவமை, நடுவில் ஒரு பழமொழி,
முடிவில் ஓட்டெடுப்பு.
வாயுவுக்கு நான்கு.
அவனும்தான் கை தூக்கினான்,
வலது கையை.

தே ஹலியா வாங்கிக் கொடுத்தோம்,
கொதிக்கக் கொதிக்க இரண்டு கிளாஸ்.
பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து நடந்துபோகிற தூரம்.
விடிகாலையில் நடந்துதான் போனோம்,
உடலை வாங்க.

இன்றைக்கு எந்தப் பொடியனும்
ரொட்டி சானாய் வருவதற்குள்
தட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பான்.
அந்தப் பொடியனைத்தான்
அறிவு குறைந்தவன் என்று வாசிக்கிறான் சன்னாசி.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான்
எனக்குப் பிடித்தது,
நெஞ்சு நடுவில், மீன் கொக்கி மாதிரி.
வாயைத் திறக்கவில்லை.
மேசைக்கடியில் கைபேசியிடம் கேட்டேன்.
பதினேழு காரணம் சொன்னது:
இதயமாம், பித்தப்பையாம், பதற்றமாம்,
விலா எலும்பாம், பதினாறாவதாக வாயுவாம்.
ஓட்டு மட்டும் போடவில்லை.

அப்பளசாமி நிமிர்ந்தான்.
என் வலது கை
இடது தோளைப் பற்றியிருந்ததைப் பார்த்தான்.
ஒரு வார்த்தை விவாதம் இல்லை.
குடித்ததற்குக் காசுகூடக் கொடுக்காமல்
காரைக் கிளப்பினான்,
ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில்.
பின் இருக்கையில் சன்னாசி
என் சட்டைக் காலரைப் பிடித்தபடியே வந்தான்,
விட்டால் எங்கோ போய்விடுவேன் என்பதுபோல.

மார்பில் ஒட்டிய வட்டங்கள். இரண்டு தடவை ரத்தம்.
மூன்றரை மணிக்கு ஒரு சின்ன வயசு டாக்டர்,
டுடோங்கில் பேனா செருகியவர்,
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"ஆங்கின் சாஜா, அங்கிள்" என்றார்.

வெளியே இரும்பு நாற்காலிகளிலிருந்து
இருவரும் எழுந்தார்கள்.
வாயுதான் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
முப்பது வருடம் கழித்து
எங்கள் விடை சரியாகியிருந்தது,
வேறோர் ஆளுக்கு.