எட்டு நிமிட வெந்நீர்

டப்பாவின் முகப்பில் சிரித்தவனுக்கு
முப்பது வயதிருக்கும்.
எனக்கு ஐம்பத்து நான்கு.
லியபாயா துறைமுகக் கிடங்கில்
மேற்பார்வைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று
நேர்காணலுக்கு முந்தைய இரவு
ஒரு முறை பூசினேன்.
பின்னந்தலை போதாதென்று தோன்ற
அங்கே இன்னொரு முறை.

காலையில் கண்ணாடிக்குள்
கரிச்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் நின்றான்.
புருவம் மட்டும் சாம்பல்.
டிராமில் ஒரு குழந்தை என்னையே பார்த்தது,
அதன் அம்மா
கடலைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பழுத்த ஆளாக எதிர்பார்த்தோம்"
என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன்.
கேலிதானா என்று
இன்றுவரை தெரியாது.

ப்ளீச் கூடவே கூடாது என்றாள் விஸ்மா,
கீழ்வீட்டுக்காரி.
மீன் டப்பி ஆலைக்குப் போகுமுன்
பதினோரு வருஷம் கத்தரியோடு நின்றவள்.
"அது சாயத்தோடு நிறுத்தாது, முடியையும் தின்னும்.
மேலே இன்னொரு நிறம் பூசவும் நினைக்காதே."

ஒரு வாரம் சும்மா இருக்கச் சொன்னாள்.
சும்மா இருப்பதுதான் கடினமாக இருந்தது.
பிறகு பொடுகு ஷாம்பூவில்
வைட்டமின் சி மாத்திரைகளை நுணுக்கிக் குழைத்துத் தடவி
பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு
முக்கால் மணி நேரம் ஐஸ் ஹாக்கி பார்த்தேன்.
வடிந்த தண்ணீர் மையாக ஓடியது.
கறுப்பு கறுப்பாகவே இருந்தது,
சற்றே களைத்த கறுப்பு.

கடைசியில்தான் அந்தச் சாயம் நீக்கி.
அழுகிய முட்டை நாற்றம்.
காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் பூசி,
இழுத்துப் பார்த்து,
அறுகிறதா என்று பார்த்து,
அறவில்லை என்று தலையாட்டினாள்.

"உள்ளே போன சாயம் கைகோத்துப் பருத்துக் கிடக்கிறது,
வந்த வாசல் வழியே திரும்ப முடியாது.
மருந்து கைகளைப் பிரித்துவிடும், அவ்வளவுதான்.
வெளியேற்றுவது தண்ணீர்.
இருபது நிமிடம் அலசு.
மிச்சமிருந்தால் காற்றுப் பட்டதும் மறுபடி கைகோக்கும்,
காலையில் நீ பழையபடி காக்கை."

என் வெந்நீர்த் தொட்டியின் ஆயுள்
எட்டு நிமிடம்.
அது நவம்பர்.
ஒன்பதாவது நிமிடம் மண்டையில் பனிக்கட்டி இறங்க
நான் போட்ட கூச்சலில்
விஸ்மா துண்டை எறிந்து, "வா" என்றாள்.

நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு
படிக்கட்டெல்லாம் பழுப்புச் சொட்டு.
அவள் தொட்டி ஆறு நிமிடம் தாங்கியது.
பதினாலு.
இன்னும் ஆறு.

முதல் மாடியில் ரைவோ.
டிரம் அடிப்பவன்.
போன மாதம்தான் அவன் சத்தத்தைப் பற்றி
குடியிருப்போர் சங்கத்துக்கு
இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்,
இரண்டாம் பக்கம் தேவையே இல்லாதது.
கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான்,
மூக்கைச் சுருக்கினான்,
குளியல் தொட்டியில் ஊறிய துணிகளை
வாரி ஓரமாய் வைத்தான்.
"எனக்கு ஒரு தடவை பச்சை" என்றான்.
"பாசி மாதிரி. எட்டு மாதம்."
பிறகு ஷவரைப் பிடித்துக்கொண்டு
போனைப் பார்த்து எண்ணினான்.
அவன் விரல்கள் என் பின்மண்டையில்
ஏதோ தாளத்தில் நகர்ந்தன.
நான் அதைச் சொல்லவில்லை.

அன்றிரவு ட்ரையர் கிடையாது.
இங்கே மருந்துபோல் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விற்கும்
தேங்காய் எண்ணெய் குளிரில் மெழுகாக உறைந்திருந்தது.
ஸ்பூனால் சுரண்டித் தேய்த்துக்கொண்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு மணிக்குப் பார்த்தேன், திரும்பவில்லை.
நான்கு மணிக்கும்.

நரை வரவில்லை, அது வேறு விஷயம்.
முன்னால் பழைய செய்தித்தாளின் மஞ்சள்.
பின்னால், இரண்டு முறை பூசிய இடத்தில்,
நங்கூரத் துரு.
விஸ்மா நுனியை மட்டும் வெட்டினாள்.
மிச்சம் வளர்ந்து கழியட்டும் என்றாள்,
மாதத்துக்கு ஒரு விரற்கடை.

ஈரம் பட்டால் இன்னும் முட்டை நாறுகிறது.
டிராமில் பக்கத்து இருக்கை காலியாகிறது.
இந்த ஊரில்
என்றைக்கு ஈரமில்லை?