கீழ்ப்பக்கம்

வால்பரைசோவில், பரோன் குன்றின் மேல்
எங்கள் கூடம் நாலெட்டு நீளம், மூன்றெட்டு அகலம்.
எவாரிஸ்தோவின் கால்களுக்கு அதுவும் இல்லை.
பழைய மர அலமாரி இருந்தவரை
சோபாவுக்குப் பக்கவாட்டில்தான் நடந்தோம்,
நண்டுகள் மாதிரி.
விருந்தாளி வந்தால்
எங்களில் ஒருவர் சமையலறைக்குப் போய்விட வேண்டும்.

கண்ணாடித் தட்டு போடலாம் என்றது நான்தான்.
நிலம் ஆடுகிற ஊரில் கண்ணாடியா
என்று சிரித்தார் கீழ்வீட்டு ஹெராக்ளியோ.
சிரித்துக்கொண்டேதான்
துளைபோடும் மெஷினை எடுத்துக் கொடுத்தார்.

சுவருக்கு வெளியே தகரம், உள்ளே மண்.
முதல் துளையில் மண் கொட்டியது.
இரண்டாவதில் மண்.
மூன்றாவதில் மண்ணோடு
எவரோ எப்போதோ திணித்த செய்தித்தாளின் மூலை:
ஒரு குதிரைப் பந்தயத்தின் முடிவு.
அப்புறம் அவன் தட்டத் தட்ட
நான் சுவரில் காது வைத்துக் கேட்டேன்,
நிறைமாத வயிற்றில் மருத்துவச்சி வைப்பது போல.
மரம் இருந்த இடத்தில் மட்டும்
பென்சிலால் கோடு.

மூன்று தட்டுகள்.
ஓரத்தில் பாட்டில் கழுத்தின் பச்சை,
மற்றபடி ஒன்றுமேயில்லை.
அன்று மாலை வெயில்
மேல்தட்டில் நுழைந்து நடுத்தட்டில் இறங்கி
கீழ்த்தட்டையும் தாண்டி
தரையில் வந்து உட்கார்ந்தது.
ஆறு வருஷமாக எங்கே போயிருந்தாய்
என்று கேட்கத் தோன்றியது.

அலமாரியில் இருந்ததெல்லாம் ஏறவில்லை.
ஆறில் மிஞ்சிய நான்கு ஒயின் கோப்பைகள்,
துறைமுகத்தில் அவனுக்குக் கொடுத்த பித்தளை நங்கூரம்,
கழுத்து ஒட்டிய பீங்கான் வாத்து.
என் நாற்பதாம் பிறந்தநாளுக்கு அவன் தந்த நீல ஜாடி
எல்லாவற்றுக்கும் மேலே.
அது என் ஏற்பாடு.

எங்கள் சோபா தாழ்வானது.
படுத்தால் ஒவ்வொன்றின் அடியும் தெரிகிறது.
இதைக் கடைக்காரர் சொல்லவில்லை.
வாத்தின் வயிற்றில் விலைச்சீட்டு.
நங்கூரத்தின் கீழே களிம்பு.
ஜாடியின் அடியில்
சூளைக்குப் போகும் முன்பே தூரிகையால் எழுதியது:
நெலிதாவுக்கு.

என் பெயர் ஒதீலியா.

கேட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது,
கவிழ்த்துப் பார்க்கவில்லை என்றான்.
இருக்கலாம்.
சந்தைக்கு வரும் ஜாடிக்கு
முன்பு ஒரு வீடு இருந்திருக்கும்தானே.
அன்றைக்குத் தோல் மட்டும்
வழக்கத்தைவிடத் தடிமனாக விழுந்தது.

அதற்கப்புறமும் தினமும்
நெலிதாவின் கீழே சாய்ந்து கால்பந்து பார்த்தோம்.
காகிதத்தை வட்டமாக வெட்டி அடியில் வைக்கலாம்.
வெட்டவும் வெட்டினேன்.
வைத்தால் மறைத்தது தெரியும்,
கண்ணாடியாயிற்றே.

ஜூலையில் ஒரு புதன், விடிகாலை மூன்று பத்து.
சின்ன ஆட்டத்துக்கு இங்கே யாரும் எழுவதில்லை;
விளக்கு அசைகிறதா என்று பார்த்துவிட்டுப்
புரண்டு படுப்பார்கள்.
இது கோப்பைகளில் தொடங்கியது,
குளிரில் பல் கிட்டுகிற மாதிரி.
பிறகு நாய்கள்.
பிறகு குன்று முழுக்கத் தகரம்.

நான்கு கோப்பைகளும் போயின.
வாத்து போனது, ஒட்டிய இடத்தில் இல்லை,
புதிதாக ஓர் இடத்தில் உடைந்து.
நங்கூரம் அவன் கால்விரலில்.
தட்டுகள் மூன்றும் அப்படியே நின்றன.
பென்சில் கோடு பொய் சொல்லவில்லை.

கரண்ட் வந்தபோது
என் மடியில் நீல ஜாடி.
தரையெங்கும் சில்லு,
இரண்டு பேரும் வெறுங்கால்,
இருந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.
அதையா பிடித்தாய் என்றான்.
கைக்கு அகப்பட்டது அதுதான் என்றேன்.

மேல்தட்டு எனக்கு எட்டாது.
ஸ்டூல் எங்களுக்கு நடுவில்
கவிழ்ந்து கிடந்தது.