வெட்டி எடுத்த ஓரம்

சுகிர்தரனுக்கு அஞ்சலி அடிக்கவேண்டும்.
மூன்றடிக்கு நாலடி, ஐந்து துண்டு.
படம் இல்லை.

அவனுடைய தங்கச்சி அடையாள அட்டையைக் கொண்டுவந்தாள்.
பதினாறு வயதில் எடுத்தது. காதுகள் மட்டும்தான் அவன்.
பெரிதாக்கினால் உடைந்துபோகும் என்றேன்.
"பாருங்கோ அக்கா," என்றாள்,
"நீங்கள்தானே எல்லாருக்கும் பார்க்கிறனீங்கள்."

உண்மைதான்.
மல்லாவியில் அவனுடைய மலர்ச்சாலைக்கு
நேரெதிரே என் கொம்பியூட்டர்.
ஆறு வருசம்
செத்தவர்களின் முகங்களை றோட்டைக் கடந்து கொண்டுவந்தான்,
மழை நாளில் சேட்டுக்குள் வைத்து.
கலியாண அல்பத்திலிருந்து, வங்கிப் புத்தகத்திலிருந்து,
ஒருமுறை, பேரன் போட்ட ரிக்ரொக்கிலிருந்து.
வெறும் மேலோடு நின்ற கமக்காரர் ஒருவருக்கு
நான் கோட் போட்டுவிட்டேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"இந்த மனிசனை நான்தான் குளிப்பாட்டினனான்.
தோளில மண்வெட்டி காவின காய்ப்புக் கிடக்கு.
கழற்றிவிடுங்கோ அக்கா."
கழற்றினேன்.

முப்பது வயதாகவில்லை.
மூன்று சம்பந்தம் வந்து, தொழிலைக் கேட்டுத் திரும்பியது.
பிறந்தநாள் வீட்டுக்குக் கூப்பிட்டால்
படலையடியில் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான்.
ஆஸ்பத்திரிக்கு முன்றோட்டால் போகமாட்டான்;
வாட்டில் கிடக்கிறவை வானைக் கண்டால்
ஆருக்கு என்று எண்ணத் தொடங்குவினமாம்.
பின்னால் ஒழுங்கையால் சுற்றிப்போவான்.
டீசலுக்கு வரிசையில் நின்ற வருசத்திலும் அதே சுற்று.

இராசமலர் அக்கா வந்த அன்று நான் அங்கே நின்றேன்,
பழைய பாக்கி கேட்கப் போயிருந்தேன்.
பதினைந்து வருசம் தேடித் திரிந்த மனுசி.
"ஒரு பெட்டி வேணும்," என்றா.
"உள்ளுக்கு வைக்க அவரின்ரை சாரம் ஒண்டு இருக்கு."
அவன் விலை சொல்லவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டான்.
"வெறும் பெட்டி பாரம் கூட, அக்கா.
தூக்க ஆள் காணாது."
சரியாகத்தான் சொன்னானா, எனக்குத் தெரியாது.
சாரப் பொட்டலத்தை அவ திரும்பக் கொண்டுபோனா.
நான் பாக்கியைக் கேட்கவில்லை.

கார்த்திகையில் வவுனிக்குளம் வான் பாய்ந்தது.
கொல்லவிளாங்குளத்தில் ஒரு செத்தவீடு, றோட்டு தண்ணிக்குள்.
இடுப்பளவு வயல் வெள்ளத்தில்
நாலு பேரோடு பெட்டியைத் தலையில் காவிப் போனான்.
காலில் ஒரு சின்னக் கீறல், அதற்கு யார் மருந்து போடுவார்கள்.
பத்தாம் நாள் கண் மஞ்சளாக வந்து
பனடோல் இருக்கா என்று கேட்டான்.
எலிக்காய்ச்சல் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னார்கள்.
சொல்லும்போது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது.

அவனைக் கொண்டுவந்தது வேறு யாருடையவோ வான்.
முன்றோட்டால் வந்தது.

இப்போது இரவு ஒரு மணி. கரண்ட் இரண்டுமுறை போய் வந்தது.
ஆறு வருசத்துச் செத்தவீட்டுப் படங்களைத் திறந்துகொண்டிருக்கிறேன்.
எல்லாவற்றிலும் நிற்கிறான்:
ஒரு முழங்கை,
கதிரை அடுக்கும் முதுகு,
மலர்வளையத்துக்குப் பின்னால் பாதி நெற்றி.
மிச்சத்தை வெட்டியது நான்.
பிரேதமும் பிள்ளைகளும் நடுவில் வரவேண்டும் என்று
ஒவ்வொரு முறையும் வெட்டினேன்.
அவனே பக்கத்தில் நின்று சொல்வான்,
"இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வெட்டுங்கோ, என்ரை சேட் தெரியுது."

வெட்டாத ஒன்று கிடைத்தது.
மழை. பெட்டிக்கு மேலே குடை பிடிக்கிறான்.
குடை முழுக்க அந்தப் பக்கம், அவன் முழுக்க ஈரம்.
யாரோ ஏதோ சொன்னதற்கு
வாயை இறுக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு.
அஞ்சலிக்குச் சிரித்த படம் போடலாமா?

முதல்முறையாகப் பிரேதத்தை வெட்டினேன்.
பாண்டியன்குளத்துப் பெரியவர், பெயர் ஞாபகமில்லை, மன்னிக்கவேண்டும்.
அவரோடு குடையும் போயிற்று.
கை மட்டும் எதையோ பிடித்தபடி நிற்கிறது.
தங்கச்சி காலையில் கேட்பாள்.

கோட் போடவில்லை.
பின்னால் நீலம் கொடுத்துப் பார்த்து, எடுத்துவிட்டேன்.
மெஷின் மேலிருந்து கீழாக அடிக்கிறது.
இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.
மழை வந்துவிட்டது.
நெற்றி இன்னும் வரவில்லை.